அமெரிக்கக் குடும்பச் சின்னப் பதிவேடுகள்: எதை வாங்கலாம், எதை எவ்வளவு நம்பலாம்

18-ஆம் நூற்றாண்டில் பாஸ்டனில் செய்த வெள்ளிக் குவளை ஒன்றில் கேடய வடிவில் ஒரு குடும்பச் சின்னம் செதுக்கியிருக்கிறது. அது யார் வீட்டுக் கேடயம் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் எடுக்க வேண்டிய புத்தகம் சார்லஸ் நோல்ஸ் போல்டன் 1927-இல் பாஸ்டனில் வெளியிட்ட ‘போல்டன்ஸ் அமெரிக்கன் ஆர்மரி’. அதில் பெயர் அகப்பட்டதும் பலர் தேடலை முடித்துக்கொள்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சின்னத்தை அந்தப் பெயருள்ள ஒருவர் அமெரிக்க மண்ணில் பயன்படுத்தினார் என்பதுதான் போல்டன் தரும் தகவல். பயன்படுத்தியவருக்கு உரிமை இருந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு பதிவேடு இருக்கிறது.

அமெரிக்கக் குடும்பச் சின்னங்களைத் தொகுத்த அச்சுப் புத்தகங்களில் முக்கியமானவை ஆறேழு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான்: அகர வரிசையில் குடும்பப் பெயர், பக்கத்தில் சின்னத்தின் வர்ணனை. ஆனால் சிலவற்றில் பொருளை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள், சிலவற்றில் ஆவணத்தைச் சரிபார்த்து எழுதியிருக்கிறார்கள், சிலவற்றில் குடும்பத்தார் சொன்னதை அப்படியே அச்சேற்றியிருக்கிறார்கள். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். அட்டையும் தாளும் பிறகு.

இங்கிலாந்தில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. 1484 முதல் லண்டனில் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இருக்கிறது. 1530 முதல் 1688 வரை அதன் அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், யார் எந்தச் சின்னத்தை எந்த உரிமையில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதி வைத்தார்கள். அந்த ஆய்வுச் சுற்றுக்கு ‘விசிட்டேஷன்’ என்று பெயர். அட்லாண்டிக்கைக் கடந்து அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு குடும்பச் சின்னங்களை வழங்கவோ தடுக்கவோ அமெரிக்க அரசு எந்த அமைப்பையும் ஏற்படுத்தவில்லை. ராணுவத்தின் கீழுள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹெரால்ட்ரி படைப்பிரிவுகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் சின்னம் வடிவமைக்கிறது. தனிக் குடும்பங்கள் அதன் வேலையில் சேராது. ஆகவே அமெரிக்காவில் அச்சான குடும்பச் சின்னப் பதிவேடு ஒவ்வொன்றும் தனியார் முயற்சி. தொகுத்தவர் எவ்வளவு கண்டிப்பானவரோ அவ்வளவுதான் அதன் மதிப்பு.

போல்டனின் கண்டிப்பு நூலகருக்குரியது. 1898 முதல் 1933 வரை பாஸ்டன் அத்தனேயம் நூலகத்தின் பொறுப்பில் இருந்தவர் அவர். இன்றைய அமெரிக்க எல்லைக்குள் பயன்பாட்டில் இருந்த சின்னங்களின் பதிவு என்று தலைப்பின் நீட்சியிலேயே சொல்லிவிடுகிறார். உரிமை என்ற சொல்லைத் தொடவில்லை. உயிலில் ஒட்டிய அரக்கு முத்திரை, கல்லறைப் பலகை, வெள்ளிப் பாத்திரம், புத்தக உரிமைச் சீட்டு, பெண்கள் பட்டு நூலில் பின்னிய சின்னம், எண்ணெய் ஓவியத்தின் மூலையில் தீட்டிய கேடயம் என்று கண்ணுக்குத் தட்டுப்பட்டதையெல்லாம் சேர்த்திருக்கிறார். படங்களை எதிர்பார்த்து வாங்காதீர்கள், அத்தனையும் சுருக்கக் குறிகளில் எழுதிய வாசகம். இந்தப் புத்தகத்தின் உயிர், பதிவின் கடைசியில் வரும் சான்றுக் குறிப்பில் இருக்கிறது. அவசரத்தில் புரட்டுபவர்கள் அதைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

அந்தக் குறிப்பைத் தரம் பிரிக்கத் தெரிய வேண்டும். 1680-களின் உயிலில் இருக்கும் முத்திரை என்றால் கனமான சான்று. புலம்பெயர்ந்து வந்தவர் அல்லது அவருடைய மகன் கையில் அந்த முத்திரை இருந்திருக்கிறது. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. சாட்சியோ எழுத்தரோ தன் மோதிரத்தையே அரக்கில் அழுத்திவிட்ட ஆவணங்கள் காலனிக் காலத்தில் ஏராளம். அதே முத்திரை அதே ஆளின் இரண்டு மூன்று ஆவணங்களிலாவது வருகிறதா என்று பாருங்கள். 1790-ஐ ஒட்டிய தீட்டிய சின்னம் என்றால் சந்தேகத்தோடு அணுகுங்கள். காரணத்தைக் கீழே பார்ப்போம். சில பதிவுகளில் சான்றாக நிற்பது முந்தைய அச்சுப் புத்தகம் ஒன்றின் பெயர் மட்டுமே. அதைத் தனிச் சான்றாக எண்ணக் கூடாது. ஒரே தகவல் இரண்டு இடத்தில் அச்சாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

உரிமையைப் பற்றிப் பேசும் பதிவேடு ‘எ ரோல் ஆஃப் ஆர்ம்ஸ்’. பாஸ்டனில் 1845-இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து ஹிஸ்டாரிக் ஜீனியலாஜிகல் சொசைட்டி, 1864-இல் சின்னங்களுக்கென்றே தனிக் குழு அமைத்தது. அந்தக் குழு இன்றும் இயங்குகிறது. அது சரிபார்த்த சின்னங்களின் பட்டியல் 1928 முதல் சங்கத்தின் இதழில் பகுதி பகுதியாக வெளிவந்தது. சங்கத்தின் பெயரில் நியூ இங்கிலாந்து இருந்தாலும் வர்ஜீனியா முதலான மற்றக் காலனிகளுக்கு வந்தவர்களும் இதில் உண்டு. ஒரு பகுதியை மட்டும் புரட்டிவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். பகுதிகள் பல பத்தாண்டுகளுக்குப் பரவிக் கிடக்கின்றன.

இந்தப் பட்டியலின் தனிச்சிறப்பு அது யாரைப் பதிகிறது என்பதில் இருக்கிறது. இதில் குடும்பப் பெயரைப் பதிவதில்லை, கப்பலேறி வந்த தனி மனிதரைப் பதிகிறார்கள். வரிசை எண், அவர் பெயர், குடியேறிய ஊர், காலம், பிறகு கேடயம், அதன் மேலே வரும் உருவமான க்ரெஸ்ட் என்று ஒவ்வொரு பதிவும் அமைந்திருக்கும். சேர்ப்பதற்கு முன் குழு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கப்பலேறுவதற்கு முன்பே இந்த மனிதருக்கு இந்தச் சின்னம் உரியதாக இருந்தது என்பதற்கு ஆவணம் என்ன? காலேஜின் சாசனம், உறுதிப்பத்திரம், விசிட்டேஷன் பதிவு, அல்லது அந்தக் குடும்பம் அங்கேயே நெடுங்காலம் பயன்படுத்தியதற்கான சான்று வேண்டும். அதோடு, வந்தவர் அந்த வம்சத்தவர்தான் என்று காட்டும் தலைமுறைச் சங்கிலியும் அறுபடாமல் இருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பது அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட ஆகாது.

பெயர் பொருந்தினால் சின்னமும் நமதே என்ற நம்பிக்கைதான் இந்தத் துறையைப் பீடித்த பெரிய நோய். இங்கிலாந்து வழக்கில் சின்னம் ஒருவருக்கு வழங்கப்படுவது; அவருடைய ஆண்வழிச் சந்ததிக்கு இறங்குவது. ஸ்மித் என்ற பெயரை எடுத்தால் பிரிட்டிஷ் தொகுப்புகளில் பத்தி பத்தியாக வெவ்வேறு சின்னங்கள் கிடக்கின்றன. எல்லா ஸ்மித்துக்கும் சேர்த்து ஒரு சின்னம் கிடையாது. கடைத்தெருவில் குடும்பப் பெயரைக் கேட்டதும் சட்டம் போட்ட சின்னத்தை எடுத்து நீட்டுகிறார்களே, அவர்கள் செய்வது ஏதாவது ஒரு ஸ்மித்தின் சின்னத்தை இன்னொரு ஸ்மித்துக்கு விற்பது.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. ஜான் கிலிம் எழுதி 1610-இல் லண்டனில் அச்சான ‘டிஸ்ப்ளே ஆஃப் ஹெரால்ட்ரி’ காலனிகளில் செதுக்குபவர்களுக்கும் சின்னம் தீட்டுபவர்களுக்கும் கைநூலாக இருந்தது. அதன் 6-ஆம் பதிப்பு 1724-இல் வந்தது. பாஸ்டன் செதுக்குக் கலைஞர் நத்தானியல் ஹர்டை ஜான் சிங்கிள்டன் காப்லி சுமார் 1765-இல் தீட்டிய உருவப்படம் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹர்டின் கையருகே மேசையில் இரண்டு புத்தகங்கள். அவற்றில் ஒன்று கிலிமின் நூல். வாடிக்கையாளர் வந்து பெயர் சொன்னதும் கலைஞர் எந்தப் புத்தகத்தைத் திறந்திருப்பார் என்பதை அந்தப் படம் காட்டுகிறது. அதே பெயரில் ஒரு சின்னம் நூலில் இருந்தால் வெள்ளியில் ஏறிவிடும். வந்தவரின் தாத்தா எந்த ஊர் என்று கேட்கும் வழக்கம் பட்டறையில் கிடையாது.

கிலிமின் நூலில் வர்ணனைகள் ‘இன்ன சின்னத்தைத் தாங்குகிறார், இன்ன பெயரால்’ என்ற வாய்பாட்டில் வரும். நியூ இங்கிலாந்தில் தீட்டிய, பின்னிய சின்னங்களின் அடியில் நாடா போட்டு ‘பை தி நேம் ஆஃப்’ என்று எழுதி, தொடர்ந்து குடும்பப் பெயரை எழுதியிருப்பதைப் பல அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். மோட்டோ எனப்படும் குறிக்கோள் வாசகம் இருக்க வேண்டிய இடத்தில் இந்த வரி இருந்தால், புத்தகத்தில் பெயரைத் தேடி எடுத்த சின்னம் என்று முதலில் சந்தேகியுங்கள். உரிமையே இல்லை என்று அதனால் முடிவாகிவிடாது. ஆனால் அந்தப் பொருளை வைத்து உரிமையை நிறுவ முடியாது.

இதை முதலில் துணிந்து எழுதியவர் அந்த 1864 குழுவைச் சேர்ந்த வில்லியம் விட்மோர். 1865 முதல் 1868 வரை நான்கு தொகுதிகளாக வந்த ‘ஹெரால்டிக் ஜர்னல்’ அவர் முயற்சி. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாஸ்டனில் சின்னம் தீட்டி விற்ற ஜான் கோல்ஸ் என்பவரின் படைப்புகளைச் சான்றாக ஏற்க முடியாது என்று அவர் சொன்னதை, பின்னால் வந்த தொகுப்பாளர்கள் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போல்டனின் சான்றுக் குறிப்பில் கோல்ஸ் என்ற பெயரைக் கண்டால் இதை நினைவில் வையுங்கள். கல்லறைகளிலும் முத்திரைகளிலும் இருந்த சின்னங்களை விட்மோர் ஊர் ஊராகப் பதிந்திருக்கிறார். அவற்றில் எத்தனையோ பலகைகள் இன்று மழையில் கரைந்து எழுத்து மங்கிக் கிடக்கின்றன. 150 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நின்று பார்த்து எழுதியதற்கு ஈடு எதுவும் இல்லை. அமெரிக்காவிலேயே பழைய சின்னத் தொகுப்பான ‘கோர் ரோல்’ முதலில் அச்சில் வந்ததும் இந்த இதழில்தான். 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பாஸ்டன்காரர்களுக்காகத் தீட்டிய 99 கேடயங்கள் கொண்டது அது. நான்கு தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டியவை இவைதான்.

அடுத்து வில்லியம் ஆம்ஸ்ட்ராங் க்ரோஷியர். 1904-இல் நியூயார்க்கில் வந்த அவருடைய ‘ஜெனரல் ஆர்மரி’ சிறிய புத்தகம். கிட்டத்தட்ட 2,000 பெயர்கள். சின்னத்துக்கு உரிமை உள்ள அமெரிக்கக் குடும்பங்களின் பதிவேடு என்று தலைப்பில் உறுதியாகச் சொல்கிறது. ஆனால் அந்த உரிமைக்கு ஆதாரம் எது என்று பதிவுக்குப் பதிவு காட்டுவதில்லை. இதில் உருப்படியாகக் கிடைப்பது வேறு: குடும்பத்தில் முதலில் வந்தவர் பெயர், வந்த ஆண்டு, குடியேறிய இடம், புறப்பட்ட நாடு. அதைப் பிடித்துக்கொண்டு கப்பல் பட்டியலுக்கும் திருச்சபைப் பதிவுக்கும் போகலாம். துப்புக்கு க்ரோஷியர், தீர்ப்புக்கு வேறு நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1908-இல் அவர் வெளியிட்ட ‘வர்ஜீனியா ஹெரால்டிகா’வுக்கும் இதே அளவுகோல்தான், ஆனால் அதில் குடும்ப வரலாற்றுக் குறிப்புகள் கூடுதல்.

அழகுக்காக ஒன்று வேண்டுமென்றால் வெர்மான்ட் என்பவர் தொகுத்த ‘அமெரிக்கா ஹெரால்டிகா’. 1886-இல் நியூயார்க்கில் ப்ரென்டானோ வெளியிட்டது. 1800-க்கு முன் குடியேறிய குடும்பங்களின் சின்னங்கள் வண்ணக் கல்லச்சுத் தாள்களில் பளிச்சென்று நிற்கும். மறுபதிப்பு வாங்கும் எண்ணமிருந்தால் ஒரு வண்ணப் பக்கத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் எடுத்த நகலில் சிவப்பும் நீலமும் ஒரே கருமையாகிவிடுவதால் புத்தகத்தின் பயன் பாதி போய்விடும். உரிமை விஷயத்தில் இந்த நூல் மெத்தனம். படமாகப் பாருங்கள், சான்றாக எடுக்காதீர்கள்.

யூஜின் ஸீபரின் ‘ஹெரால்ட்ரி இன் அமெரிக்கா’ 1895-இல் பிலடெல்பியா நகைக் கடையான பெய்லி, பேங்க்ஸ் அண்ட் பிடில் வெளியிட்டது. குடும்பப் பதிவேடு என்பதைவிட மாநில முத்திரைகளையும் சங்கங்களின் சின்னங்களையும் கல்லறைகளையும் ஒன்றாகச் சொல்லும் அறிமுக நூல் என்பதே சரி. அந்த வகையில் நல்ல நூல். மேத்யூஸின் ‘அமெரிக்கன் ஆர்மரி அண்ட் புளூ புக்’ 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டனிலிருந்து பல பதிப்புகளாக வந்தது. அன்றைய வசதியான குடும்பங்கள் தங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டன என்று அறிய மட்டும் உதவும்.

இனி வாசிக்கும் முறை. நல்ல பதிவேடு கையில் இருந்தும் வாசகத்தைத் தவறாகப் படித்துத் தடுமாறுகிறவர்கள் அதிகம், குறிப்பாக இயந்திர மொழிபெயர்ப்பை நம்புகிறவர்கள். சின்ன வர்ணனையின் மொழி பழைய பிரெஞ்சு கலந்தது. அதில் ‘ஆர்’ என்று தொடங்கினால் பொன்னிறம்; இயந்திரம் அதை ‘அல்லது’ என்று எழுதிவிடும். ‘மல்லட்’ என்பது ஐந்து முனை நட்சத்திரம், குதிரை முள்ளின் சக்கரத்திலிருந்து வந்த பெயர். இயந்திரம் மடவை மீனைக் கொண்டுவந்து நிறுத்தும். ‘ஃபீல்ட்’ வயல் அல்ல, கேடயத்தின் தரை. ‘சார்ஜ்’ கட்டணம் அல்ல, தரையின் மேல் வைத்த உருவம். ‘ப்ராப்பர்’ என்றால் இயற்கை நிறம். ‘ஆர்ஜென்ட்’ வெள்ளி அல்லது வெண்மை, ‘கியூல்ஸ்’ சிவப்பு, ‘ஆஷர்’ நீலம், ‘சேபிள்’ கறுப்பு, ‘வெர்ட்’ பச்சை. புத்தகங்களில் இவை இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கமாகவே வரும்.

ஜார்ஜ் வாஷிங்டன் குடும்பத்தின் வாசகத்தை எடுத்துப் பார்ப்போம்: ‘ஆர்ஜென்ட், டூ பார்ஸ் கியூல்ஸ், இன் சீஃப் த்ரீ மல்லட்ஸ் ஆஃப் தி செகண்ட்’. முதலில் வருவது தரையின் நிறம், வெள்ளை. அடுத்து இரண்டு சிவப்புக் குறுக்குப் பட்டைகள். ‘இன் சீஃப்’ என்றால் கேடயத்தின் மேற்பகுதியில். அங்கே மூன்று நட்சத்திரங்கள். அவற்றின் நிறத்தைத் திரும்பச் சொல்லாமல் ‘இரண்டாவதன்’ என்று முடிக்கிறார்கள். வாசகத்தில் இரண்டாவதாகச் சொன்ன நிறம், அதாவது சிவப்பு. இதை இரண்டாவது நட்சத்திரம் என்றோ இரண்டாவது பட்டை என்றோ எடுத்துக்கொண்டால் படம் தடம் மாறும். சரிபார்க்க வாஷிங்டன் டி.சி.யின் கொடியே போதும். 1938-இல் ஏற்ற அந்தக் கொடி இந்தக் கேடயத்திலிருந்துதான் பிறந்தது. இந்தக் குடும்பத்தின் வழி, நார்தாம்ப்டன்ஷயரின் சல்கிரேவ் மேனருக்குப் போகிறது. லண்டன் காலேஜின் தலைமை அதிகாரி ஐசக் ஹேர்ட் குடும்ப விவரம் கேட்டு எழுதியதற்கு, குடியரசுத் தலைவராக இருந்த வாஷிங்டன் 1792 மே மாதத்தில் தனக்குத் தெரிந்த வம்ச விவரத்தைத் தொகுத்துப் பதில் அனுப்பினார். தாமஸ் ஜெஃபர்சனோ 1771-இல் லண்டன் போகும் நண்பரிடம், தன் குடும்பச் சின்னம் என்ன என்று அங்கே தேடிப் பார்க்கும்படி கேட்டு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துப் பெரிய குடும்பங்களுக்கே தங்கள் சின்னம் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை என்பதை இந்தப் பதிவேடுகளைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளியிலும் புத்தகச் சீட்டிலும் நிறம் கிடையாது, கோடுகள்தான் நிறம். மேலிருந்து கீழாக நெருக்கமான கோடுகள் சிவப்பு, இடமிருந்து வலமாகப் போனால் நீலம், இரண்டும் குறுக்கே வெட்டினால் கறுப்பு, பார்ப்பவரின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சாய்ந்தால் பச்சை, புள்ளிகள் பொன், வெறுமையாக விட்டால் வெள்ளை. இந்தக் கடைசியில்தான் சிக்கல். வெறுமை என்றால் வெள்ளைத் தரையாகவும் இருக்கலாம், செதுக்கியவர் கோடு போடாமல் விட்டதாகவும் இருக்கலாம். கேடயம் முழுவதிலும் ஒரு கோடுகூட இல்லையென்றால் நிறத்தைப் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள், உருவத்தை மட்டும் வைத்துத் தேடுங்கள். நகல் எடுக்கும்போது அங்குலத்துக்கு 600 புள்ளிக்கு (டிபிஐ) குறையாமல் எடுங்கள்; குறைந்தால் நெருக்கக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து இல்லாத அலைவடிவம் தோன்றும்.

வலமும் இடமும் கவனம். கேடயத்தின் வலது என்பது அதைத் தாங்குபவரின் வலது. பார்ப்பவருக்கு அது இடப்பக்கம். நடுக்கோட்டில் பிரித்து இரண்டு சின்னங்களைப் பக்கம் பக்கமாக வைத்திருந்தால், பார்ப்பவரின் இடப்பாதி கணவருடையது, வலப்பாதி மனைவியின் பிறந்த வீட்டுடையது. இந்த இரட்டைக் கேடயத்தை ஒரே சின்னமாக எண்ணித் தேடினால் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது. சாய்சதுரத்தில் சின்னம் இருந்தால் அது மணமாகாத பெண்ணுடையது அல்லது விதவையுடையது. முத்திரை மோதிரத்தில் உருவம் இடவலம் மாறி, கண்ணாடிப் பிம்பம் போல வெட்டியிருக்கும். மோதிரத்தைப் படம் பிடித்தால் படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், அரக்குப் பதிவைப் படம் பிடித்தால் திருப்பக் கூடாது. கேடயத்தின் மேற்பகுதியில் தனியாக ஒரு சிறு பிறை இருந்தால் இரண்டாம் மகனின் கிளை, சிறு நட்சத்திரம் மூன்றாம் மகன், காலற்ற பறவை நான்காம் மகன். தேடும்போது இந்தக் குறியை ஒதுக்கிவிட்டு மீதியை வைத்துத் தேடுங்கள்.

பெயரே தெரியாத கேடயம் என்றால் அகர வரிசைப் புத்தகத்தால் பயனில்லை. 1874-இல் முடிந்த பாப்வர்த்தின் ‘ஆர்டினரி ஆஃப் பிரிட்டிஷ் ஆர்மோரியல்ஸ்’ உருவத்தை வைத்து வரிசைப்படுத்தியது. சிங்கம், பட்டை, சிலுவை என்று முதன்மை உருவத்தைப் பிடித்து உள்ளே போனால் அந்தச் சின்னத்தைத் தாங்கிய பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு போல்டனுக்கு வாருங்கள், பிறகு விட்மோர், கடைசியில் ரோல். கேடயம் இல்லாமல் மேலே வரும் க்ரெஸ்ட் மட்டும் கரண்டிக் காம்பில் இருந்தால், ஃபேர்பெர்னின் க்ரெஸ்ட் தொகுப்பு. ஆனால் ஒரே க்ரெஸ்ட்டைப் பல குடும்பங்கள் வைத்திருக்கும். அதை மட்டும் நம்பி ஆளைச் சொல்ல முடியாது.

பொருளின் காலமும் செதுக்கலின் காலமும் ஒன்றுதானா என்பதையும் சோதித்துவிடுங்கள். கேடயத்தைச் சுற்றி இருபுறமும் ஒரே அளவாக வளைந்த இலைச் சுருள், செதில் வலைப்பின்னல் எல்லாம் சுமார் 1745 வரை. ஒருபுறம் சாய்ந்த, சிப்பி விளிம்பு போன்ற சட்டம் சுமார் 1740 முதல் 1780 வரை. மண்வெட்டி வடிவக் கேடயமும் நாடா, மாலையும் அதற்குப் பிறகு. பாத்திரத்தின் அடியில் உள்ள முத்திரை 1720-ஆம் ஆண்டு வெள்ளிக்கொல்லருடையதாக இருந்து, கேடயச் சட்டம் நாடா மாலையாக இருந்தால் சின்னம் பின்னால் ஏறியது. செதுக்கிய இடத்தின் மேல் மூச்சுவிட்டுப் பாருங்கள். முன்பிருந்த எழுத்தைத் தேய்த்து அழித்திருந்தால் ஆவியில் அதன் நிழல் தெரிவதுண்டு. விரலால் இருபுறமும் அழுத்தினால் அந்த இடத்தில் தகடு மெலிந்து நெளியும்.

கல்லறைப் பலகையாக இருந்தால் சுண்ணக்கட்டி தேய்த்து எழுத்தை எடுப்பிக்காதீர்கள், பழைய கல் உரிந்துவிடும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், அல்லது பக்கவாட்டில் கண்ணாடி பிடித்து ஒளியைத் திருப்பிப் படம் எடுத்தால் மழுங்கிய கோடும் தெரியும்.

வாங்குவது பற்றி. வெர்மான்ட், ஸீபர், க்ரோஷியர், விட்மோர் எல்லாமே காப்புரிமை தீர்ந்தவை. 1927-இல் வந்த போல்டனும் 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச் சொத்து. ஆகவே ஸ்கேன் கோப்பிலிருந்து அவசரமாக அச்சடித்து விற்கும் மெல்லட்டைப் பிரதிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பக்கம் விடுபட்டிருக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், மடித்த படத்தாள்களைப் பிரிக்காமலே நகல் எடுத்திருப்பார்கள். கையில் புத்தகமாகத்தான் வேண்டும் என்றால் பால்டிமோரின் ஜீனியலாஜிகல் பப்ளிஷிங் கம்பெனி 1964-இல் கட்டிக் கொடுத்த போல்டன் மறுபதிப்பைப் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். நாள்தோறும் புரட்டினாலும் தாங்கும். ரோலின் 1928-ஆம் ஆண்டுப் பகுதி பொதுச் சொத்தாகிவிட்டது. பின்வந்த பகுதிகளைச் சங்கத்தின் இணைய நூலகத்தில் உறுப்பினராகி வாசிக்கலாம். செலவு செய்வதென்றால் அதற்குச் செய்யுங்கள்.

ஸ்கேனில் சொல் தேடலை முழுதும் நம்பக் கூடாது. சிவப்பைக் குறிக்கும் ‘ஜியு’ என்ற இரண்டெழுத்துச் சுருக்கத்தை இயந்திரம் ‘ஜிஎன்’ என்று படித்துவைக்கும். புள்ளி, காற்புள்ளி இடம் மாறி நிற்கும். பெயரையும் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். பல்க்லி போன்ற பெயர்களுக்கு மூன்று நான்கு எழுத்துமுறைகள் வழக்கில் இருந்தன. தேடல் ‘இல்லை’ என்று சொன்னாலும் அந்த எழுத்தின் பக்கங்களைக் கண்ணால் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

பெயர் கிடைத்ததும் வாசகத்தைச் சுருக்கம் விரிக்காமல் உள்ளபடியே எழுதிக்கொண்டு, பதிப்பு ஆண்டையும் பக்கத்தையும் சேர்த்துக் குறியுங்கள். விரித்த வடிவம் தனி வரியில். புத்தகம் காட்டும் சான்று அடுத்த வரியில். உங்கள் ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதி அதற்கும் அடுத்த வரியில். இவை கலந்துவிட்டால் பின்னால் பிரிக்கவே முடியாது. க்ரோஷியரிலும் வெர்மான்ட்டிலும் நடந்திருப்பது அதுதான். பிறகு போல்டன் சொல்லும் அந்த முத்திரையோ வெள்ளியோ இன்று எந்த நூலகத்தில், எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று தேடி, படம் கேட்டு எழுதுங்கள். எழுதும்போது போல்டனின் பக்க எண்ணைக் குறிப்பிட்டால் ஊழியர் பொருளைத் தேடி எடுப்பது எளிது. படம் வந்ததும் கோடுகளை எண்ணி நிறத்தைச் சரிபார்த்து, அதன் பிறகே ரோலைத் திறக்க வேண்டும்.